சத்துவாச்சாரி பால்கனி மெஷின்: ஸ்பின்னில் வந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது

மெஷின் 6.5 கிலோ டாப் லோடு, எட்டு வருஷம் ஓடியது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு முதல் மாடிப் பால்கனியில் நிற்கிறது. துவைப்பதிலும் அலசுவதிலும் குறை இல்லை. ஸ்பின் தொடங்கியதும் தொட்டி தடதடவென்று பாடியில் மோதும்; ஓடி முடிவதற்குள் மெஷின் சுவரை விட்டு ஒரு சாண் முன்னே வந்து நிற்கும். சில நாள் பாதியில் நின்று, தானாகவே தண்ணீர் பிடித்து மறுபடி அலசத் தொடங்கும். தொட்டி அளவுக்கு மேல் ஆடினால் அதை உணர்ந்து துணியைக் கலைத்துப் பரப்பிப் பார்க்கும் ஏற்பாடு அது. வீணாவது தண்ணீரும் நேரமும்.

கியர்பாக்ஸ் போயிருக்கும், ஐயாயிரத்துக்கு மேல் ஆகும் என்று முதலில் சொல்லப்பட்ட மெஷின் இது. கடைசியில் 1,450 ரூபாயில் முடிந்தது. கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. எந்தெந்த இடத்தைப் பார்த்தோம், எது காரணம் இல்லை என்று எப்படித் தெரிந்தது, எது காரணம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். வேலூரில் போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் இதே கோளாறு இதே வழியில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

முதலில் துணியைச் சந்தேகப்பட வேண்டும், அதற்குக் காசு செலவில்லை. தனியாக ஒரு ஜமக்காளத்தைப் போட்டால் எந்தப் புது மெஷினும் ஆடும். 300 கிராம் ஈரத் துணி ஒரே பக்கம் கூடுதலாக ஒட்டிக்கொண்டால், நிமிஷத்துக்கு 700 சுற்று வேகத்தில் அது தொட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமம். அதனால் சோதனையைக் காலி டிரம்மில் தொடங்கினோம். ஒரு துணியும் போடாமல் ஸ்பின் மட்டும் ஓட விட்டதில் ஆட்டம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அடுத்து ஒரே எடையுள்ள குடியாத்தம் லுங்கி நான்கை நனைத்துப் பிழிந்து, எதிரெதிராக நான்கு பக்கமும் வைத்து ஓட்டினோம். பாடியில் மோதியது. இவ்வளவு சமமாக வைத்தும் மோதினால் குற்றம் துணியில் இல்லை.

ஸ்பின் வேகம் ஏறும்போது, தொடக்கத்தில் சில விநாடி தொட்டி பெரிதாக அலையும், பிறகு வேகம் கூடக் கூட அடங்கும். அந்த அலைச்சல் எல்லா டாப் லோடிலும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முழு வேகத்துக்கு வந்த பிறகும் அடங்காமல் இருப்பதுதான் கோளாறு. இதை மூடியை மூடிவைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்தாலே போதும். மூடி ஸ்விட்சை ஏமாற்றித் திறந்து வைத்து ஓட்டுவது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தரை. பால்கனியிலும் பாத்ரூமிலும் தண்ணீர் ஓடுவதற்குக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். இங்கே மெஷினின் அகலத்துக்குள், சுமார் 55 செ.மீ தூரத்தில், ஜாலி இருக்கும் பக்கம் 11 மி.மீ இறங்கியிருந்தது. ரசமட்டத்தை மெஷின் மேல்தகட்டில் குறுக்கேயும் நெடுக்கேயும் வைத்துப் பார்த்ததில் குமிழ் கோட்டைத் தாண்டியே நின்றது. அதோடு மூலைவிட்டமாக இரண்டு மூலைகளைக் கையால் அழுத்தினால் டக் டக்கென்று ஆடியது. அதாவது நான்கு காலில் ஒன்று தரையைத் தொடவே இல்லை. காலைத் திருகி இறக்கிச் சமன் செய்யலாம். ஆனால் காலை எவ்வளவு வெளியே இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அது பலவீனமாக நிற்கும். லாக் நட் இறுக்காமல் விட்டால் ஒரு மாதத்தில் தானே சுழன்று பழைய இடத்துக்குப் போய்விடும்.

இந்த வீட்டில் கால்களுக்கு அடியில் நான்கு ரப்பர் புஷ் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள், 250 ரூபாய். அவற்றால் மெஷின் நகர்வது நின்றது, மோதும் சத்தம் அதிகமானது. காரணம் எளிது: முன்பு நகர்ந்து கழிந்த விசை இப்போது முழுக்க பாடிக்குள்ளேயே அடித்தது. தொங்கல், அதாவது உள்ளே தொட்டியைத் தொங்கவிட்டுத் தாங்கும் ராடுகள், சரியாக உள்ள மெஷினுக்கு, வழுக்கும் டைல்ஸ் தரையில் இந்த புஷ் நல்லதுதான். தொங்கல் போன மெஷினுக்கு அது நோயை மறைக்கும். ஆம்பூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் செருப்பு சோல் ஷீட்டை வெட்டி வைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மெத்தென்று இருப்பதால் மெஷின் அதன் மேல் மிதந்து கூடுதலாகவே ஆடும். சக்கரம் வைத்த ஸ்டாண்டும் அப்படியே. கடப்பா கல்லைத் தரையில் சும்மா போட்டு அதன் மேல் மெஷினை நிறுத்துவதும் தப்பு. கல்லுக்கு அடியில் ஒரு மூலையில் வெற்றிடம் இருந்தால் கல்லே தட்டும்.

ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு, தாழ்ந்த பக்கத்தில் இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் சிமென்ட் கலவை போட்டு டைல்ஸ் துண்டு பதித்துச் சமப்படுத்தினோம். கலவைக்கும் துண்டுக்கும் 150 ரூபாய். இரண்டு நாள் காய விட்டு மெஷினை ஏற்றி, கால்களைக் கூடுமானவரை உள்ளே திருகி, மிச்சம் இருந்த இரண்டு மில்லிமீட்டரை மட்டும் காலில் சரிசெய்து லாக் நட்டை ஸ்பேனரால் இறுக்கியாயிற்று. நகர்வது நின்றது. பாடியில் மோதுவது மட்டும் அப்படியே இருந்தது.

இனி உள்ளே. டாப் லோடு மெஷினில் வெளித்தொட்டி, டிரம், மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தமும் நான்கு மூலைகளிலிருந்து நான்கு சஸ்பென்ஷன் ராடுகளில் தொங்குகிறது. ராடின் மேல் முனை உருண்டைத் தலையோடு பாடியின் மூலையில் உட்காரும். கீழ் முனையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் ஸ்பிரிங். ஸ்பிரிங் எடையைத் தாங்கும். கிண்ணத்துக்குள் இருக்கும் இறுக்கமும் கெட்டியான கிரீஸும் ஆட்டத்தை அடக்கும். கிரீஸ் காய்ந்தாலோ கிண்ணம் உடைந்தாலோ மிச்சம் இருப்பது வெறும் ஸ்பிரிங்தான், அது ஆடிக்கொண்டே இருக்கும்.

ராடைக் கழற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. மூடியைத் திறந்து, டிரம் விளிம்பை நடுவில் இரு கையாலும் ஐந்து செ.மீ அளவு கீழே அழுத்தி விட வேண்டும். நல்ல மெஷினில் தொட்டி மேலே வந்து ஒரு தடவை அசைந்து நிற்கும். இதில் நான்கைந்து முறை மேலும் கீழும் போய்த்தான் நின்றது. இரண்டாவது, அளவு நாடா எடுத்து பாடியின் மேல்விளிம்பிலிருந்து தொட்டி விளிம்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்று நான்கு மூலையிலும் பார்ப்பது. முன் இடது 62, முன் வலது 64, பின் இடது 63, பின் வலது 81 மி.மீ. பின் வலது மூலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு செ.மீ தொங்கிப் போயிருந்தது. இதற்கு மேல் கியர்பாக்ஸ் பேச்சே தேவையில்லை. ஆடும் மெஷின் எதற்கும் ஸ்க்ரூ ஒன்றைத் தொடுமுன் இந்த நான்கு எண்களை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி விடவும். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. மோட்டாருக்கான கெப்பாசிட்டரில் கரன்ட் தேங்கியிருக்கும் என்பதால் அதன் முனைகளில் கை வைக்கக் கூடாது. மேல்மூடிப் பகுதி இந்த மாடலில் பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ, முன் மூலைகளில் மூடிக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ. நான்கையும் எடுத்து, தண்ணீர் வரும் பைப்பைக் கழற்றி, மேல்பகுதியைப் பின்னால் சாய்த்து சுவரில் சாற்றி வைத்தோம். வயர் கட்டு நீளமாக இல்லை, இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகட்டு விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை அவசியம்.

பின் வலது ராடு பார்த்த உடனே தெரிந்தது. கீழ்ப்பாதி முழுக்கத் துரு. கிண்ணம் நெடுக்கப் பிளந்து, ஸ்பிரிங்கின் அடிச்சுற்று அந்தப் பிளவு வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. மற்ற மூன்று ராடுகளிலும் துரு இல்லை, ஆனால் கிண்ணத்துக்குள் விரலை விட்டால் கிரீஸ் பசையில்லாமல் பொடியாக உதிர்ந்தது.

ராடுகள் வெளித்தொட்டிக்கு வெளியே தொங்குகின்றன. துவைக்கும் தண்ணீர் அங்கே வரவே கூடாது. அப்படியிருக்க ஒரு ராடு மட்டும் ஏன் துருப்பிடித்தது? டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த மூலையில் வெளித்தொட்டி மேல் வெள்ளையாக ஒரு கோடு, சுண்ணாம்பு தடவிய மாதிரி, மேலிருந்து கீழாக இறங்கியிருந்தது. அதைத் தொடர்ந்து மேலே போனால் தண்ணீர் வால்விலிருந்து சோப்பு டப்பாவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அதன் கிளிப். கிளிப் துருவேறித் தளர்ந்து, தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் சொட்டு சொட்டாகக் கசிந்து ராடின் தலையில் விழுந்து, ராடு வழியாகவே கிண்ணத்துக்கு இறங்கியிருக்கிறது. இந்த வீட்டு போர் தண்ணீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ் மீட்டரில் பார்த்தால் 1,100-ஐத் தொடுகிறது. காவிரித் தண்ணீர் குடிக்க எடுத்து வைக்கிறார்கள், மெஷினுக்குப் போவது போர் தண்ணீர்தான். கசிந்த ஒவ்வொரு சொட்டும் காய்ந்து உப்பை விட்டுப்போக, கிண்ணத்துக்குள் கிரீஸ் இருந்த இடத்தில் மணல் மாதிரிப் படிவு. அது பிளாஸ்டிக்கை அரைத்து, கடைசியில் கிண்ணம் வெடித்திருக்கிறது.

ராடை மட்டும் மாற்றி மூடியிருந்தால் புது ராடுக்கும் இதே கதி ஆகியிருக்கும். அதனால் ராடு வாங்கப் போவதற்கு முன் கிளிப்பைக் கவனித்தோம். ஹோஸின் முனை கெட்டிப்பட்டு வாய் அகன்றிருந்தது, ஒரு செ.மீ வெட்டிவிட்டுப் புது முனையை ஏற்றி, திருகி இறுக்கும் வகை ஸ்டீல் கிளிப் இரண்டு போட்டோம், 30 ரூபாய். தண்ணீரைத் திறந்துவிட்டு, இணைப்பைச் சுற்றிப் பழைய செய்தித்தாள் துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தோம். சின்னக் கசிவு இருந்தாலும் தாளில் ஈரம் தெரிந்துவிடும். தெரியவில்லை.

ராடு வாங்கும்போது மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போவது மட்டும் போதாது, பழைய ராடுகளில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று கையில் இருக்க வேண்டும். பல மாடலில் முன் ராடும் பின் ராடும் வேறு. மோட்டார் எடை சாயும் பக்கத்துக்குக் கடினமான ஸ்பிரிங் வைத்திருப்பார்கள், கிண்ணத்தின் நிறத்தில் வித்தியாசம் தெரியும். இதில் பின்பக்கம் இரண்டும் சாம்பல் கிண்ணம், முன்பக்கம் வெள்ளை. நீளம் தலையிலிருந்து கிண்ணத்தின் அடி வரை 58 செ.மீ. நீளம் சரியாக இருந்தும் ஸ்பிரிங் கம்பி மெலிதாக இருந்தால் அந்த ராடு வேண்டாம். எடை ஏறியதும் தொட்டி தாழ்ந்துவிடும். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சுற்றுகளை எண்ணிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். கடைக்காரரே, “ஒண்ணு மட்டும் போட்டா நிக்காதுங்க, நாலும் மாத்திடுங்க” என்றார். அது விற்பனைப் பேச்சு இல்லை. ஒரு மூலை புதிதாகவும் மூன்று மூலை தளர்ந்தும் இருந்தால் தொட்டி அந்தப் புது மூலையைச் சுற்றித் திருகும். நான்கின் செட் 1,050 ரூபாய்.

மாட்டும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளித்தொட்டியின் விளிம்பை அந்த மூலையில் தூக்கிப் பிடிக்க, மற்றவர் ராடின் தலையை மேலே தள்ளி, மூலை இருக்கையில் உள்ள வெட்டு வழியாக உள்பக்கம் நழுவ விடுகிறார். மேல் முனை விடுபட்டதும் கீழே கிண்ணத்தைத் தொட்டியின் காதிலிருந்து பக்கவாட்டில் இழுத்தால் ராடு கையோடு வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு ராடு மட்டும். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் தொட்டி சரிந்து கீழே மோட்டார் வயரை நசுக்கும். கழற்றிய மூலையில் தொட்டிக்கும் பாடிக்கும் நடுவே பழைய தலையணை ஒன்றைச் செருகி வைத்தால் தூக்கிப் பிடிப்பவருக்குக் கை ஓயாது.

புது ராடின் தலை உட்காரும் பிளாஸ்டிக் இருக்கையைத் துணியால் துடைத்து, மொச்சைக்கொட்டை அளவு சிலிக்கான் கிரீஸ் வைத்தோம், டியூப் 140 ரூபாய். தலை அங்கே தாராளமாகச் சுழல வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிரீச்சென்று சத்தம் வரும். கிண்ணத்துக்குள் மட்டும் எதையும் போடவில்லை. துரு நீக்கும் ஸ்ப்ரேயையோ தையல் மெஷின் எண்ணெயையோ அங்கே அடிப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். சத்தம் நிற்கும், ஆட்டம் கூடும். அந்தக் கிண்ணத்தில் வேண்டியது வழுக்கல் இல்லை, தடை.

நான்கும் மாட்டியபின் அளவு 60, 61, 60, 62. அழுத்தி விட்டால் ஒரே அசைவில் நின்றது. அதே நான்கு லுங்கியோடு ஓட்டியதில் பாடியில் மோதவில்லை. ஆனால் முழு வேகத்தில் விரல் வைத்தால் தெரியும் அளவுக்கு ஒரு சீரான அதிர்வு மிச்சம் இருந்தது. அது இருந்தபடியே விட்டிருக்கலாம். துணி துவைக்க அது தடையில்லை. ஆனால் புது ராடின் ஆயுளை அது தின்னும்.

மிச்ச அதிர்வுக்கு மூன்று இடம்தான் பாக்கி. டிரம்மின் மேல்விளிம்பில் உப்புத் திரவம் அடைத்த பேலன்ஸ் வளையம் இருக்கிறது. டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றினால் உள்ளே திரவம் புரளும் சத்தம் கேட்க வேண்டும், அது கோளாறு இல்லை. வளையத்தின் ஒட்டுப் பகுதியில் வெள்ளைப் பொருக்கோ பிசுபிசுப்போ இருந்தால் ஒழுகுகிறது என்று பொருள். அதற்கு வளையத்தையே மாற்ற வேண்டும். இதில் சுத்தமாக இருந்தது. இரண்டாவது, டிரம் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பார்ப்பது. கடகடவென்ற தளர்ச்சியும், சுற்றும்போது கரகர சத்தமும் சேர்ந்து வந்தால் பேரிங். அந்த வேலைக்குத் தனிக் கருவி வேண்டும். டிரம்மைப் பிடிக்கும் நட் சில மாடலில் இடது மரை, தெரியாமல் பலமாகத் திருகினால் இன்னும் இறுகும். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. இங்கே தளர்ச்சி இல்லை.

மூன்றாவது, டிரம்மின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டருக்கு அடியில். நடு மூடியை நெம்பி, ஸ்டார் திருப்புளியால் ஒரே ஸ்க்ரூவை எடுத்து, இரண்டு பக்கமும் சணல் கயிற்றை அடியில் விட்டுச் சமமாக மேலே இழுத்தால் பல்சேட்டர் வந்துவிடும். ஒரு பக்கமாக நெம்பினால் விளிம்பு உடையும். அடியில் ஒரு கால்வட்டம் மட்டும் கெட்டியான உப்புப் படிவு. நூலும் சோப்பும் சேர்ந்து ஓடாக இறுகியிருந்தது. ஊக்கு ஒன்றும் அதில் புதைந்திருந்தது. மரக்கரண்டியால் சுரண்டி எடுத்ததைச் சமையலறைத் தராசில் வைத்தால் 90 கிராம். நடுவிலிருந்து 15 செ.மீ தள்ளி அது உட்கார்ந்திருந்ததால் முழு வேகத்தில் சுமார் ஏழு கிலோ இழுப்பு. கையில் உணர்ந்த அதிர்வுக்கு அது போதும். படிவு டிரம்மின் அடித்துளைகளையும் அடைத்திருந்தது, அந்தப் பக்கம் தண்ணீர் வடிய நேரமானது தனிக் கணக்கு.

சுரண்டியபின் எஞ்சியதைச் சிட்ரிக் ஆசிட் போட்டுக் கரைத்தோம். 200 கிராம், 80 ரூபாய். சூடுநீரில் கரைத்து ஊற்றி, தண்ணீர் மட்டத்தை முழுதாக வைத்து, ஒரு சுற்று ஓட்டி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு வெளியேற்றியாயிற்று. 100 கிராம் சிட்ரிக் ஆசிட் ஏறக்குறைய 70 கிராம் சுண்ணாம்புப் படிவைத்தான் கரைக்கும். அதனால் தடித்த ஓட்டைக் கையால் எடுக்காமல் பவுடரை மட்டும் கொட்டிப் பயனில்லை. இதோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கலந்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அதன் பிறகு ஸ்பின் முழு வேகத்தில் மேல்தகட்டில் வைத்த டம்ளர்த் தண்ணீரில் சிறு சுருக்கம் மட்டுமே.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்த ராடு கதை பொருந்தாது. அதில் ஸ்பின் மோட்டார் அடியில் மூன்று ஸ்பிரிங் அல்லது ரப்பர் தாங்கியில் நிற்கும். வேலூர் வெயிலில் அந்த ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துணியின் மேல் வைக்கும் தட்டை விட்டுவிடுவதும் பெரிய காரணம். ஃப்ரண்ட் லோடு என்றால் ஷாக் அப்சார்பரும் சிமென்ட் எடைக்கல்லின் போல்ட்டும். காட்பாடி, பாகாயம் பக்கம் அடிக்கடி வாடகை வீடு மாறுபவர்கள், வண்டியில் ஏற்றும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் மாட்டும் டிரான்சிட் போல்ட்டைப் புது வீட்டில் கழற்ற மறந்துவிடுகிறார்கள். அந்த போல்ட்டோடு ஸ்பின் ஓடினால் ஒரே நாளில் மெஷின் நாசம்.

அடுத்த முறை இந்த வேலை செய்தால் தரையைத் தொடுவதற்கு முன்பே நான்கு மூலை அளவை எடுப்போம். கலவை காயக் காத்திருந்த நேரத்தில் ராடு வாங்கி வந்திருக்கலாம். சோப்பு டப்பா ஹோஸுக்குப் புதுத் துண்டே வாங்கி மாட்டியிருக்கலாம், பழையதை வெட்டிப் போட்டது தற்காலிகம்தான், அதன் ரப்பர் இன்னும் இரண்டு கோடையைத் தாங்குமா என்பது சந்தேகம். பல்சேட்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி அடியைப் பார்க்க வேண்டும். காவிரித் தண்ணீரிலேயே துவைக்கும் வீடுகளில் வருஷத்துக்கு ஒரு முறை போதும். அப்போது டார்ச் அடித்து நான்கு ராடுகளின் தலையையும் பாருங்கள். வெள்ளைக் கோடு புதிதாக இறங்கியிருந்தால் அன்றே கிளிப்பை இறுக்கிவிடுங்கள்.